நேரத்தின் எடைக்கல்

தங்கை மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கத் தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போயிருந்தோம். மூன்றாவது மாடி, பட்டுப் பிரிவு. வந்து உட்கார்ந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. என் போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது. சுவரைப் பார்த்தேன். ஆளுயரக் கண்ணாடி இருந்தது, தள்ளுபடி அறிவிப்பு இருந்தது, சாமி படத்தைச் சுற்றிச் சீரியல் விளக்கு ஓடிக்கொண்டிருந்தது, மூலைக்கு மூலை கேமரா இருந்தது. கடிகாரம் இல்லை. புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் மணி என்ன என்று கேட்டேன்.

"டீ வந்துட்டுப் போயிருச்சுக்கா. நாலரை தாண்டியிருக்கும்."

"போன் இல்லையாம்மா?"

"காலையில வந்ததும் கீழ லாக்கர்ல வச்சிருவோம்க்கா. ராத்திரி போறப்பதான் எடுப்போம்."

அந்த மாடியில் சன்னலும் இல்லை. வெயில் சாய்வதைப் பார்த்து நேரம் சொல்லக்கூட அவளுக்கு வழி இல்லை. காலையில் உள்ளே வந்து இரவு வெளியே போகிற ஒருத்தி, இடைப்பட்ட பொழுதை டீ வருவதையும் சாப்பாட்டுக்கு அனுப்புவதையும் வைத்துத்தான் அளக்கிறாள். அந்த இரண்டையும் முடிவு செய்வது மேற்பார்வையாளர். அன்றிலிருந்து எந்தக் கடைக்குப் போனாலும் என் கண் முதலில் சுவருக்குப் போகிறது. பொது இடங்களிலிருந்து கடிகாரம் எப்படிப் போயிற்று, போனதால் யாருக்கு நட்டம் என்ற கேள்வியை நான் தொடர்ந்தது அந்தப் பெண்ணின் பதிலிலிருந்துதான்.

தமிழில் நேரம் கேட்பதே 'மணி என்ன?' என்றுதான். மணி என்பது அடிக்கிற பொருள். ஊர் முழுக்கக் கேட்கிற ஓசை. ஓசையின் பெயரே நேரத்துக்கும் பெயராகிவிட்டது. முல்லைப்பாட்டில் பாசறையில் இருக்கும் அரசனுக்கு நாழிகை பார்த்துச் சொல்கிறவர்கள் வருகிறார்கள். அவர்கள் கையில் இருப்பது நீர் கசியும் வட்டில். கன்னல் என்பது அதன் பெயர். பகலும் இரவும் சேர்ந்து அறுபது நாழிகை, நாழிகைக்கு இன்றைய கணக்கில் 24 நிமிடம். வட்டிலைப் பார்ப்பவர் சிலர்தான். அவர்கள் சொல்வது எல்லோர் காதிலும் விழுந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்குப் பூசை முடிந்த செய்தி மதுரையில் இருக்கும் திருமலை நாயக்கருக்கு எட்டவேண்டும் என்று வழிநெடுக மணிமண்டபங்கள் கட்டி, ஒரு மணியோசை கேட்டு அடுத்த மணியை அடித்தார்கள் என்று தென்மாவட்டங்களில் இன்றும் சொல்வார்கள். திருச்செந்தூருக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் இடையே கட்டபொம்மனைப் பற்றியும் இதே கதை உண்டு. கதையின் வரலாற்று உண்மை எப்படி இருந்தாலும், அரசனுக்காக அடித்த மணியை வழியில் களை எடுத்துக்கொண்டிருந்தவளும் கேட்டிருப்பாள். ஓசையைப் பூட்டி வைக்க முடியாது.

கடிகார நேரம் தமிழ்நாட்டுக்குள் நுழைந்த வாசல் சென்னை நுங்கம்பாக்கம். வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி சொந்தமாக வைத்திருந்த வானாய்வுக் கருவிகளைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்று, 1792இல் அங்கே ஓர் ஆய்வுக்கூடம் கட்டியது. கருவியைத் தாங்க நிறுத்திய கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். கூடத்தின் வானியலாளர் ஜான் கோல்டிங்காம் சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்தார். அந்தக் கணக்கின் வழியே வந்தது மதராஸ் நேரம். கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 நொடி முன்னால் ஓடியது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்டது என்பதால் 1870 முதல் இந்திய ரயில்களெல்லாம் இந்த நேரத்தில்தான் ஓடின. நுங்கம்பாக்கத்துக் கடிகாரம் சொன்ன நேரம் தந்திக் கம்பி வழியே நாட்டின் ரயில் நிலையங்களுக்குப் போனது. ஊர்மக்களுக்கு இரவு 8 மணிக்குப் பீரங்கி வெடித்து நேரம் சொன்னார்கள்.

அந்தக் கூடத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 1867இல் ஒரு மாறொளிர் விண்மீனைக் கண்டுபிடித்தவர். 1874இல் வெள்ளி சூரியனைக் கடக்கப்போவதைப் பற்றி நம் மொழிகளில் சிறுநூல் வெளியிட்டவர். கண்ணால் கண்ட வானத்தோடு ஒத்துப்போகும்படி பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்று வாதாடியவர். ஆய்வுக்கூடத்தின் துல்லியம் வீட்டுத் திண்ணை வரை வரவேண்டும் என்று அந்தக் காலத்திலேயே ஒருவர் உழைத்திருக்கிறார்.

1906 சனவரி 1 முதல் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. சென்னைக் கடிகாரங்களை 8 நிமிடம் 46 நொடி முன்னால் நகர்த்த வேண்டியிருந்தது. கல்கத்தா தன் நேரத்தை 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் விட்டுக்கொடுக்கவில்லை. நேரம் என்பது ஊரின் உரிமை என்ற எண்ணம் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்கு இந்த இரண்டு ஆண்டுகளே போதும்.

கட்டடங்களின் நெற்றியில் கடிகாரம் ஏறியதும் மதராஸ் நேரம் ஓடிய காலத்தை ஒட்டித்தான். சென்ட்ரல் நிலையத்தின் கோபுரம், மவுண்ட் ரோட்டில் பி. ஆர் அண்ட் சன்ஸ் கடிகாரக் கடையின் கோபுரம், 1913இல் ரிப்பன் கட்டடத்தின் கோபுரம். ரிப்பன் கட்டடத்துக் கடிகாரத்தை ஓக்ஸ் கம்பெனி நிறுவியது; அதன் நான்கு மணிகள் இங்கிலாந்தின் கில்லெட் அண்ட் ஜான்ஸ்டன் பட்டறையில் வார்த்தவை; தினமும் சாவி கொடுத்து ஓடும்படி அமைந்தது. பிறகு ராயப்பேட்டை, மின்ட், டவுட்டன் என்று மணிக்கூண்டுகள் எழுந்தன. திண்டுக்கல், ஈரோடு, கோயம்புத்தூர் எல்லாம் மணிக்கூண்டு உள்ள ஊர்கள். நாகர்கோவில் தன்னுடையதை மணிமேடை என்று அழைக்கிறது. நடத்துநர் இன்றும் 'மணிக்கூண்டு இறங்குறவங்க வாங்க' என்று கூவுகிறார். கடிகாரம் ஓடுகிறதோ இல்லையோ, பெயர் நிலைத்துவிட்டது.

கூண்டு எட்டாத தெருக்களுக்குச் சங்கு எட்டியது. நகராட்சிச் சங்கு, மில் சங்கு என்று ஊருக்கு ஊர் ஒன்று. கோயம்புத்தூர்ப் பக்கம் சங்கு ஊதுவதை வைத்து உலை வைத்தவர்களிலும், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பியவர்களிலும் பலர் மில்லில் வேலை பார்க்காதவர்கள்.

கடைக் கடிகாரத்தின் கதை இன்னும் நெருக்கமானது. மளிகைக் கடையில் கல்லாவுக்கு மேலே, மஞ்சள் பூசிய லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் அது இருக்கும். சாவி கொடுக்கிற பெண்டுலக் கடிகாரமாக இருந்தால் வாரம் ஒரு நாள் முதலாளியே முக்காலி போட்டு ஏறிச் சாவி கொடுப்பார். அந்த வேலையைப் பையனிடம் விட மாட்டார். முடிதிருத்தும் கடையில் கண்ணாடிக்கு எதிர்ச்சுவரில் மாட்டியிருந்தால் கண்ணாடியில் அது எதிர்த்திசையில் ஓடுவதாகத் தெரியும். நான் மணி பார்க்கக் கற்றுக்கொண்ட நாளில் அப்பாவோடு அங்கே உட்கார்ந்து அந்தப் புதிரை அவிழ்க்க முயன்றது நினைவிருக்கிறது. டீக்கடையில் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் அதை நம்பித்தான் இரண்டாவது டீ சொன்னார்கள். தெருவில் போகிற யாரும் வாசலில் நின்று எட்டிப் பார்த்து நேரம் தெரிந்துகொண்டு போகலாம். எதுவும் வாங்க வேண்டியதில்லை. கடைக்காரர் ஊருக்குச் செய்த சிறு தர்மம் அது. தண்ணீர்ப்பானை வைப்பதைப் போல. புதுக் கடை திறந்தால் மொத்த வியாபாரி சுவர்க் கடிகாரம்தான் அன்பளிப்பாகக் கொண்டுவருவார், கண்ணாடியில் தன் பெயரை எழுதி.

இது ஏன் போயிற்று? விலை ஏறியதால் அல்ல. குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வை வைத்து நேரம் காட்டும் முதல் கடிகாரத்தை 1927இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் செய்தார்கள்; அது ஓர் அறையை அடைத்தது. 1969 டிசம்பரில் செய்கோ நிறுவனம் அதைக் கைக்கடிகாரத்துக்குள் அடக்கியது. பின்னர் நொடிக்கு 32,768 முறை அதிரும்படி அமைந்த சின்னப் படிகம் குஜராத்தின் மோர்பி நகரத்துப் பட்டறைகளில் சுவர்க் கடிகாரங்களாக லட்சக்கணக்கில் வெளிவந்தது. சில நூறு ரூபாய், ஒரு பென்சில் பேட்டரி, அவ்வளவுதான் செலவு. வரலாற்றில் கடிகாரம் மிக மலிவாகவும் மிகச் சரியாகவும் கிடைக்கிற காலத்தில்தான் அது சுவரிலிருந்து இறங்கியிருக்கிறது.

முதலில் கைக்கடிகாரம் பெருகியது. டாட்டாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், ஓசூரில் ஆலை வைத்தது. அடுத்துச் செல்போன். 1995 சூலை 31 அன்று நாட்டின் முதல் செல்போன் பேச்சு நடந்தது. பிறகு வந்த ஆண்டுகளில் ஒவ்வொரு சட்டைப் பையிலும் ஒரு கடிகாரம் குடியேறியது. அதுவும் செல்போன் கோபுரம் அனுப்பும் நேரம். எந்த மணிக்கூண்டையும்விடச் சரியானது. இதை மறுப்பதற்கில்லை. எல்லோரிடமும் நேரம் இருக்கும்போது சுவரில் எதற்கு என்று கடைக்காரர் நினைத்தால் அது இயல்புதான். பழைய கடிகாரம் நின்றது, பேட்டரி மாற்ற ஆள் இல்லை, வெள்ளையடிக்கும்போது கழற்றினார்கள், ஆணி இருந்த இடத்தில் விளம்பரத் திரை ஏறியது. மணிக்கூண்டுகளின் கதையும் இதுதான். சாவி கொடுத்த ஊழியர் ஓய்வு பெற்றபோது அந்த இடம் நிரப்பப்படவில்லை. நான்கு முகமும் நான்கு நேரம் காட்டும் கூண்டுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தவறான நேரம் காட்டும் பொதுக் கடிகாரத்தை மக்கள் இரண்டு முறை மன்னிப்பார்கள், மூன்றாம் முறை நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

வாடிக்கையாளர் நேரம் மறந்து வாங்கட்டும் என்று வணிகர்கள் திட்டமிட்டுக் கடிகாரத்தை எடுத்தார்கள் என்ற பேச்சு பரவலாக உண்டு. சூதாட்ட விடுதிகளைப் பற்றிச் சொன்னது அப்படியே பேரங்காடிகளுக்கும் வந்தது. சன்னலில்லாத மாடிகள் அந்தச் சந்தேகத்தைக் கிளப்பத்தான் செய்யும். ஆனால் நம் ஊர்க் கடைகளில் நடந்ததற்குச் சதி தேவையில்லை என்பது என் முடிவு. கவனிக்காமல் விட்டதே போதுமானது. எந்த வாடிக்கையாளரும் கடிகாரம் எங்கே என்று கேட்கவில்லை. எங்கள் கையில் போன் இருந்தது. கேட்க வேண்டிய தேவை உள்ளவளுக்குக் கேட்கிற இடம் இல்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய ஆராய்ச்சியைத் திறக்க வேண்டும். ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஈ.பி. தாம்சன் 1967இல் எழுதிய கட்டுரை ஒன்று, தொழிற்சாலை வந்தபோது மனிதரின் நேர உணர்வு எப்படி மாறியது என்று ஆராய்கிறது. ஸ்காட்லாந்தின் டண்டி நகரத்து ஆலைச் சிறுவன் ஒருவனின் வாழ்க்கைக் குறிப்பை அவர் எடுத்துக் காட்டுகிறார். காலையில் ஆலைக் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைப்பார்களாம். மாலையில் பின்னால் இழுப்பார்களாம். தொழிலாளர்களுக்கு இது தெரியும். ஆனாலும் வாய் திறக்க அஞ்சினார்கள். சட்டைப் பையில் சொந்தக் கடிகாரம் வைத்துக்கொள்ளவே அஞ்சினார்கள். நேரம் அதிகம் தெரிந்தவனை வேலையை விட்டு அனுப்பினார்கள். முதலாளியின் கடிகாரம் ஒன்றே அங்கு நேரம்.

சென்னையும் இந்தப் போராட்டத்தின் களமாக இருந்தது. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவர், செல்வபதி செட்டியார், இராமானுசலு நாயுடு, திரு.வி.க. உடன் நின்றவர்கள். வாடியா முதலில் கையில் எடுத்த குறைகளில் ஒன்று பகல் உணவு இடைவேளை. அரை மணி நேரம்தான் கொடுத்தார்கள். கைகழுவி, இடம் பிடித்து, சாப்பிட்டு, திரும்பக் கதவுக்கு ஓடி வர அது போதவில்லை. அதை நீட்டித்துத் தாருங்கள் என்பது கோரிக்கை. இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் தொடக்கத்தில் சில நிமிடங்கள் நிற்கின்றன என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அதற்குப் பத்தாண்டுக்கு முன், 1908இல், தூத்துக்குடி கோரல் ஆலை வேலைநிறுத்தத்தை வ.உ.சி. முன்னின்று நடத்தியபோதும் கூலியோடு சேர்ந்து வேலை நேரமும் வார விடுமுறையும் பேசப்பட்டன.

நிமிடத்துக்காகப் போராட வேண்டுமானால் நிமிடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், கடை ஊழியரை நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்கிறது. தொடர்ந்து 4 மணி நேரம் வேலை பார்த்தால் ஒரு மணி நேரம் ஓய்வு தரவேண்டும் என்கிறது. சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பியபோது ஒரு மணி நேரம் ஆயிற்றா, நாற்பது நிமிடம்தானா என்று போனை லாக்கரில் வைத்துவிட்டு வந்த பெண் எதைப் பார்த்துச் சொல்வாள்? அவள் ஏமாற்றப்படுகிறாள் என்று நான் சொல்லவில்லை. ஏமாற்றப்படவில்லை என்று அவளுக்கு உறுதிப்படுத்திக்கொள்ள வழியில்லை என்றுதான் சொல்கிறேன்.

அந்தக் கடையிலேயே தரைத்தளத்தில் வெள்ளி விற்கிற பிரிவும் இருந்தது. அங்கே தராசின் எண் திரை வாங்குபவர் பக்கமும் திரும்பியிருக்கிறது. எடைக்கருவிக்கு அரசு முத்திரை உண்டு, காலம் தவறாமல் எடுத்துப் போய்ச் சரிபார்த்து முத்திரை போட வேண்டும், தவறினால் தண்டம். விற்பவர் நல்லவராக இருந்தாலும் அளவு இருவர் கண்ணிலும் பட வேண்டும் என்பது நாகரிகத்தின் விதி. மூன்றாவது மாடியில் அந்தப் பெண் விற்பதும் ஒரு சரக்குதான். அவளுடைய நாள் அது. அதற்குத் தராசு இல்லை. இருந்தாலும் முள் ஒரு பக்கம் மட்டுமே தெரிகிறது: வருகைப் பதிவுக் கருவியும் கணினியும் கண்காணிப்பு அறையும் நிர்வாகத்தின் பக்கம்.

எடைக்கும் நேரத்துக்கும் உள்ள இந்த உறவு அரசுக்கும் தெரியாததல்ல. தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அணுக் கடிகாரங்கள் காட்டுவதுதான் இந்தியப் பொது நேரம். எடைகளையும் அளவைகளையும் கவனிக்கும் நுகர்வோர் விவகாரத் துறை, அந்த நேரத்தையே எல்லாத் துறைகளும் பின்பற்ற வேண்டும் என்று 2025 சனவரியில் வரைவு விதிகளை வெளியிட்டது. நேரமும் சட்ட அளவையில் சேர்ந்தது என்பது அந்த வரைவின் உட்பொருள். கணினி வலையமைப்புகளுக்கு வேண்டிய துல்லியத்தைப் பற்றி அதில் அக்கறை இருக்கிறது. கடைச் சுவர் வரை அந்த அக்கறை இறங்கி வரவேண்டும்.

பொதுக் கடிகாரம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி நியூயார்க்கில் நீதிமன்றப் படி ஏறியிருக்கிறது. பிராட்வே தெருவில் 346ஆம் எண் கட்டடத்தின் உச்சியில் கையால் சாவி கொடுத்து ஓட்டும்படி அமைந்த பழைய கடிகாரம் உண்டு. பல ஆண்டுகள் நின்றுபோயிருந்த அதை மார்வின் ஷ்னைடர் என்ற நகர ஊழியரும் அவர் நண்பர் எரிக் ரெய்னரும் யாரும் கேட்காமலே போய்ச் சரிசெய்தார்கள். பின்னர் நகரம் ஷ்னைடரைத் தன் அதிகாரபூர்வக் கடிகாரப் பொறுப்பாளராகவே ஆக்கியது. 2013இல் கட்டடம் தனியாருக்கு விற்கப்பட்டது. கடிகாரம் இருக்கும் கோபுரத்தைச் சொகுசு வீடாக்கும் திட்டம் வந்தது. கடிகாரம் கையால் ஓட வேண்டும், மக்கள் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆர்வலர்கள் வழக்கு நடத்தினார்கள். கீழ் நீதிமன்றங்கள் அவர்கள் பக்கம் நின்றன. 2019 மார்ச்சில் மாநிலத்தின் உச்ச நிலை நீதிமன்றம் அதை மாற்றி, கட்டட உரிமையாளருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. முகம் தெருவைப் பார்த்திருந்தாலும் இயந்திரம் வீட்டுக்காரருடையது என்று ஆயிற்று.

நம்மிடம் வேறொரு முன்னுதாரணம் இருக்கிறது. நீட் தேர்வுக்குப் போகிற பிள்ளை கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு போக முடியாது, போனும் கூடாது. அந்த நிலையில் தேர்வறையில் சுவர்க் கடிகாரம் ஓடவில்லை என்றால் பெற்றோர் பொறுப்பார்களா? சொந்தக் கடிகாரத்தைப் பறித்தவர் பொதுக் கடிகாரத்தைத் தரக் கடமைப்பட்டவர் என்பதை அங்கே நாம் விளக்கம் கேட்காமல் ஏற்றுக்கொள்கிறோம். மூன்று மணி நேரத் தேர்வுக்குப் பொருந்துகிற நியாயம், ஆண்டு முழுக்க நிற்கிற வேலைக்கும் பொருந்தும்.

போன் வைத்திராதவர்கள் கடைப் பெண்கள் மட்டும் அல்ல. பள்ளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அரசு மருத்துவமனை வராந்தாவில் மாத்திரை நேரத்துக்காகக் காத்திருக்கும் முதியவர்கள் இருக்கிறார்கள்; கடைசிப் பேருந்து போய்விட்டதா என்று பக்கத்தில் இருப்பவரிடம் தயங்கிக் கேட்கும் கிழவி இருக்கிறாள். ரயில்வே இன்றும் நடைமேடையில் கடிகாரத்தை விடவில்லை. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். பேருந்து நிலையங்களும் மருத்துவமனைகளும் வங்கிகளும் அந்த வழக்கத்துக்குத் திரும்புவது கடினமான காரியம் இல்லை.

கடைகளைப் பொறுத்தவரை வழி ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் ஊழியர்களின் கால் வலி நெடுங்காலம் யார் கண்ணிலும் படவில்லை. ரங்கநாதன் தெருக் கடைப் பிள்ளைகளின் வாழ்க்கையை வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010இல் திரையில் காட்டியபோது பலர் முதன்முறையாகப் பார்த்தார்கள். 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றம் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்து, ஊழியர் உட்கார இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது. அதே சட்டத்தில் இன்னும் ஒரு வரி சேர்க்கலாம்: ஊழியர் நின்று வேலை பார்க்கும் ஒவ்வொரு தளத்திலும், அவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், சரியாக ஓடும் கடிகாரம் ஒன்று இருக்க வேண்டும். தொழிலாளர் நலத் துறையும் சட்டமன்ற உறுப்பினர்களும் இதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதுவரை கடை வைத்திருப்பவர்கள் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். ஓர் ஆணியும் சில நூறு ரூபாயும் போதும்.